கையில் காசு குறைந்தால் மலிவுக் கடைக்குக் கூட்டம் கூடுமா? ரங்கூன் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ரங்கூனில் தமிழர்கள் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. அனவ்ரத்தா சாலைக் காளி கோயிலைச் சுற்றி உள்ள தெருக்களில் தோசைக் கடை, பலாத்தாக் கடை, டீக்கடை, இரண்டு மோகிங்கா வண்டி என்று என் நோட்டுகள் இருக்கின்றன. மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து உட்கார்ந்தாலே அதே சந்தேகங்கள்தான் வரும். சாயங்காலம் டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளும் பொருளாதாரப் பாடத்தில் அதையேதான் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் பேசியபடியே போட்டிருக்கிறேன்.

பர்மாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். மோகிங்கா என்பது மீன் குழம்பு ஊற்றிய அரிசிச் சேமியா, இங்கே காலைச் சாப்பாடு. பலாத்தா நம் பரோட்டாதான். இங்கத்தைய பணம் சாட். வெளியூர்த் தமிழ்ப் பத்திரிகைகளில் கியாட் என்று எழுதுவார்கள்.

"ஜனங்க கையில காசு குறைஞ்சா பெரிய ஹோட்டலை விட்டுட்டு நம்ம கடைக்குத்தானே வருவாங்க? அப்ப நமக்கு யோகம்தானே அண்ணே?"

பாதி சரி. மேலே இருந்து சிலர் இறங்கி வருவார்கள். குளிர்சாதனக் கடையில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்ட குடும்பம், இப்போது உங்கள் கடையில் பலாத்தாவும் கோழிக் குழம்பும் வாங்கிக்கொண்டு போகும். அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு யோகம் என்று தோன்றுகிறது.

ஆனால் உங்கள் கடைக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்களின் காசும் அதே நேரத்தில்தான் குறைகிறது. அவர்கள் எங்கே போவார்கள்? தினமும் வந்தவர் வாரம் மூன்று நாள் வருவார். மோகிங்கா சாப்பிட்டவர், அவித்த பட்டாணியைப் பழைய சோற்றில் போட்டு எண்ணெய் ஊற்றி வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். வருகிறவர்கள் புது முகங்கள் என்பதால் கண்ணில் படுகிறார்கள். வராமல் போனவர்கள் சத்தம் இல்லாமல் போய்விடுகிறார்கள்.

மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறையும்போது எல்லாரும் ஒரு படி இறங்குகிறார்கள். உங்கள் கடை எந்தப் படியில் இருக்கிறது, மேல்படியில் இருந்து வருகிறவர்கள் அதிகமா, கீழ்ப்படிக்குப் போகிறவர்கள் அதிகமா என்பதுதான் கணக்கு. கீழே வரும் பல பதில்களில் இந்தப் படிக்கட்டுக்கே திரும்பி வருவேன்.

"புத்தகத்துல 'தாழ்வகைப் பண்டம்'னு போட்டிருக்கு சார். எங்கம்மா விக்கிற மோகிங்கா தாழ்ந்ததா?"

இதைக் கேட்ட பெண்ணின் முகம் வாடியிருந்தது. அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: ருசிக்கும் சுத்தத்துக்கும் சத்துக்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமே இல்லை. வருமானம் கூடும்போது மக்கள் ஒரு பொருளைக் குறைவாக வாங்கினால், பொருளாதாரத்தில் அதைத் தாழ்வகைப் பண்டம் என்கிறார்கள். கூட வாங்கினால் இயல்புப் பண்டம். அவ்வளவுதான். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் நல்ல பெயராக வைத்திருக்கலாம்.

அரிசிக் கடையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நம் ஊரில் பவ்சான் அரிசி உயர்ந்தது. 2011-ல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசுகூட வாங்கியது. ஏமத்தா அதைவிட மலிவு. சம்பளம் கூடின வீட்டில் ஏமத்தா போய் பவ்சான் வரும், குறைந்தால் திரும்ப ஏமத்தா வரும். இங்கே ஏமத்தா தாழ்வகை, பவ்சான் இயல்புவகை. எண்ணெயும் அப்படித்தான். கையில் இருந்தால் கடலை எண்ணெய், இல்லாவிட்டால் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிற பாமாயில்.

மோகிங்காவை இப்படி ஒரே கட்டத்தில் அடைக்க முடியாது. தினக்கூலிக்காரருக்குச் சம்பளம் கூடினால் அவர் மோகிங்கா கூடுதலாகச் சாப்பிடுவார். வங்கியில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் கூடினால் வேறு கடைக்குப் போவார். ஒரே கிண்ணம் ஒருவருக்கு இயல்புவகை, இன்னொருவருக்குத் தாழ்வகை. பண்டத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது, வாங்குகிறவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். உன் அம்மா விற்பது நல்ல சாப்பாடு, தைரியமாகப் பரீட்சை எழுது.

"கேஎஃப்சி மாதிரி கடையெல்லாம் வெளிநாட்டுல ஏழைங்க சாப்பாடாமே? இங்க ஏன் பிறந்தநாளுக்குப் போறாங்க?"

ரங்கூனில் லாட்டேரியா என்ற வெளிநாட்டு பர்கர் கடை 2013-லும் கேஎஃப்சி 2015-லும் திறந்தன. அமெரிக்காவில் அவசரத்துக்குக் கையில் வாங்கிக்கொண்டு போகிற சாப்பாடு அது. அங்கே ஒரு மணி நேரக் கூலியில் ஒரு வேளை சாப்பிட்டுவிடலாம். இங்கே அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2015 செப்டம்பரில் 8 மணி நேர நாளுக்கு 3,600 சாட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 450 சாட். அந்தக் கூலி வாங்கிய தையல் ஆலைப் பெண்ணுக்குக் கோழித் துண்டும் பானமும் உள்ள ஒரு தட்டு, கிட்டத்தட்ட ஒரு நாள் உழைப்பு. அதனால்தான் புது உடுப்பு போட்டுக்கொண்டு போனார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"மலிவு" என்பது விலைச்சீட்டில் இருப்பதில்லை, சம்பளத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். வெளிநாட்டுச் செய்தியில் "வருமானம் குறைந்ததால் துரித உணவு விற்பனை கூடியது" என்று வந்தால், அதை அப்படியே நம் ஊர் பர்கர் கடைக்குப் பொருத்தாதீர்கள். இங்கே அந்தக் கடை மேல்படியில் இருக்கிறது. கஷ்டம் வந்தால் வீட்டுச் செலவில் முதலில் விழுவது அதுதான்.

"சம்பளம் இவ்வளவு ஏறினா வியாபாரம் இவ்வளவு ஏறும்னு ஏதாவது வாய்ப்பாடு இருக்கா?"

இருக்கிறது. வருமானம் 10 சதவீதம் கூடும்போது ஒரு பொருளின் தேவை 5 சதவீதம் கூடினால், 5-ஐ 10-ஆல் வகுத்து 0.5 என்பார்கள். வருமான நெகிழ்ச்சி என்று பெயர். ஒன்றுக்கு மேலே போனால் ஆடம்பரப் பண்டம். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இருந்தால் அவசியப் பண்டம். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் முன்பு சொன்ன தாழ்வகை. பரீட்சைக்கு இது போதும். கடைக்கு இது போதாது, ஏனென்றால் உங்கள் வாடிக்கைக்காரர்கள் ஒரே படியில் இல்லை.

"கூலியை ஏத்திட்டாங்கன்னு சொன்னாங்க. ஆனா ஒருத்தரும் கூட ஒரு தட்டு வாங்கலியே?"

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமாக வந்தது, பதில் சொல்லும்போது மனம் கனத்ததும் இதற்குத்தான்.

குறைந்தபட்சக் கூலி 2018-ல் நாளுக்கு 4,800 சாட் ஆனது. அப்புறம் ஐந்து வருடம் அசையவில்லை. 2023 அக்டோபரில் அலவன்ஸாக நாளுக்கு 1,000 சேர்ந்தது, 2024 ஆகஸ்டில் இன்னொரு 1,000. ஆக 6,800. காகிதத்தில் பார்த்தால் 40 சதவீதத்துக்கு மேல் உயர்வு. ஆனால் ஆட்சி மாறிய 2021 பிப்ரவரிக்கு முன் ஒரு டாலர் 1,300 சாட்டை ஒட்டி இருந்தது. 2024-ல் வெளிச்சந்தையில் அது 4,000-ஐத் தாண்டிவிட்டது. அன்றைய 4,800 சாட் மூன்றரை டாலருக்கு மேல். பிந்தைய 6,800 சாட் இரண்டு டாலர்கூட வராது. பாமாயில், டீசல், மருந்து எல்லாம் டாலரில் வருகிற சரக்கு. கூலி ஏறிய வேகத்தைவிட விலை ஏறிய வேகம் பல மடங்கு.

பையில் எத்தனை நோட்டு இருக்கிறது என்பது பெயரளவு வருமானம். அந்த நோட்டு எதை வாங்கித் தரும் என்பது உண்மை வருமானம். தேவை நடப்பது உண்மை வருமானத்தின் பின்னால்தான். உலக வங்கிக் கணக்குப்படி 2021 நிதியாண்டில் மட்டும் நாட்டின் பொருளாதாரம் 18 சதவீதம் அளவுக்குச் சுருங்கியது. அதற்கப்புறம் நோட்டு கூடினதைப் பார்த்து வருமானம் கூடியது என்று கடையைப் பெரிதாக்கியவர்கள் இரண்டு பேர் எனக்குத் தெரியும். ஒருவர் கடையை மூடிவிட்டார். அவருடைய கணக்கு நோட்டை நான்தான் எழுதினேன். கல்லாவில் விழுகிற பணம் மாதா மாதம் கூடிக்கொண்டுதான் இருந்தது, விற்ற தட்டுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பணத்தை மட்டும் எழுதிவிட்டுத் தட்டுகளை எழுதாமல் விட்டது என் தப்பும்கூட. இப்போது எல்லா நோட்டிலும் இரண்டையும் எழுதுகிறேன்.

"கஷ்டம் வந்தா முதல்ல எதை விடுறாங்க? முழுச் சாப்பாட்டையுமா?"

ஓரத்தில் இருப்பதைத்தான் முதலில் விடுகிறார்கள். மோகிங்கா வண்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழம்புக்கு மேலே பாதியாக வெட்டிய வாத்து முட்டை, சுரைக்காய் பஜ்ஜி இவற்றைத் தனிக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மாதம் இறுக்கமாகும்போது முட்டை போகும், பிறகு பஜ்ஜி போகும். வெறும் சேமியாவும் குழம்பும் கடைசி வரை நிற்கும். டீக்கடையில் பாலும் சர்க்கரையும் கூடுதலாகக் கேட்டவர் சாதாரண டீக்கு வருவார், பிறகு ஒரு டீயை இருவர் பகிர்ந்துகொண்டு, இலவசமாக வைத்திருக்கும் வெறும் தேத்தண்ணீரை நாலு தடவை ஊற்றிக் குடிப்பார்கள்.

உங்கள் லாபம் பெரும்பாலும் அந்த முட்டையிலும் பஜ்ஜியிலும்தான் இருக்கிறது. ஆகவே வாடிக்கைக்காரர் தலை குறையாமலே லாபம் குறையும். நாளுக்கு எத்தனை முட்டை விற்றது என்பதை ஒரு கோடு போட்டுக் குறித்துவையுங்கள். கூட்டம் குறைவதற்குப் பல வாரம் முன்னாலேயே அந்தக் கோடு சொல்லிவிடும்.

"விலையை ஏத்தாம அளவைக் குறைச்சா யாருக்கும் தெரியாதுல்ல?"

தெரியும். தினமும் சாப்பிடுகிறவருக்கு முதல் நாளே தெரியும். இரண்டு அளவு வையுங்கள், சின்னக் கிண்ணம் என்று சொல்லியே விற்கலாம்.

"வீட்டுல சமைச்சா மலிவு. அப்படியிருந்தும் ஏழை வீட்டுக்காரங்க ஏன் கடையில வாங்குறாங்க? அவங்களுக்குக் கணக்குத் தெரியாதா?"

நம்மைவிட நன்றாகவே தெரியும். இந்தக் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது, அதை நான் ஏற்கமாட்டேன்.

வீட்டுச் சமையலுக்கு அரிசி, எண்ணெய் விலை மட்டும் செலவில்லை. ரங்கூனில் நிறையப் பேர் மின்சார அடுப்பில் சமைப்பவர்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கரி வாங்க வேண்டும். குழம்பைக் குளிர்பெட்டியில் வைக்க முடியாது, அதனால் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகச் சமைக்க வேண்டும். லைங் தாயா தொழிற்பேட்டையில் ஆலைக்குப் போகிற பெண் விடியற்காலையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறாள். ஒருத்திக்காக ஒரு பிடி அரிசி வேகவைக்கும் கரியில் நாலு பேருக்குச் சமைக்கலாம். கடைக்காரர் ஒரே அடுப்பில் நூறு பேருக்குச் சமைக்கிறார், அவருக்குத் தலைக்கு ஆகும் நெருப்புச் செலவு கொஞ்சம்தான்.

இன்னொன்று, மொத்தமாக வாங்க முடியாதது. இங்கே எண்ணெயை வீசைக் கணக்கில் விற்பார்கள். பர்மா வீசை ஒன்று 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வீசைக் கணக்கில் வாங்கினால் விலை குறைவு. ஆனால் அன்றன்றைக்குக் கூலி வாங்குபவர் வீசையில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று பையில் ஊற்றி வாங்குகிறார். சின்னதாக வாங்குவதால் கூடுதல் விலை கொடுக்கிறார். இதையெல்லாம் கூட்டினால் பல நாட்களில் கடைப் பொட்டலம்தான் மலிவு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வேலை நேரம் கூடி வருமானம் கூடினால் சமைக்க நேரம் இல்லாமல் கடைச் சாப்பாடு கூடும். வேலை போய் வருமானம் குறைந்தால் நேரம் கிடைத்து வீட்டுச் சமையல் கூடும். 2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து துணி வராமல் தையல் ஆலைகள் மூடியபோது இதுதான் நடந்தது. முதல் கேள்வியில் கேட்டபடி "காசு குறைந்ததால் மலிவுக் கடைக்குக் கூட்டம்" என்றால் ஆலை வாசல் வண்டிகளுக்கு அன்று நல்ல வியாபாரம் நடந்திருக்க வேண்டும். காசோடு வேலையும் போய்விட்டதால் வண்டிகள் காலியாக நின்றன.

"வருமானம் குறையும்போது சாப்பாட்டுச் செலவும் குறையணுமே, எங்க வீட்டுல கூடிக்கிட்டே போகுதே?"

தொகை கூடவில்லை என்றாலும், வருமானத்தில் சாப்பாட்டின் பங்கு கூடும். 1857-ல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல்காரர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். ஏழ்மை கூடக் கூட, வருமானத்தில் பெரும்பங்கு உணவுக்கே போய்விடும். துணி, படிப்பு, வீட்டுப் பழுது, பங்குனித் திருவிழாவுக்குக் கொடுக்கிற வரி எல்லாவற்றையும் வெட்டி வயிற்றுக்குத் திருப்புகிறோம். உங்கள் வீட்டில் ஊதாரித்தனம் எதுவும் நடக்கவில்லை அக்கா, மாமாவிடம் இதைக் காட்டுங்கள்.

"விலை ஏறினா கூடுதலா வாங்குற பண்டம் ஒண்ணு உண்டாமே? அது நெசமா?"

நெசம், ஆனால் அபூர்வம். கிஃபன் பண்டம் என்று பெயர். ராபர்ட் கிஃபன் கவனித்ததாக ஆல்ஃபிரெட் மார்ஷல் 1895-ல் எழுதினார். சுருக்கம் இது. ஒரு குடும்பம் நிறையச் சோறும் கொஞ்சம் மீனும் சாப்பிடுகிறது. அரிசி விலை ஏறுகிறது. அரிசிக்கே பணம் போய்விடுவதால் மீன் வாங்க முடியவில்லை. மீன் இல்லாத வயிற்றை நிரப்ப இன்னும் அரிசி வாங்கியாக வேண்டும். ஆக, விலை ஏறின அரிசியை முன்பைவிட அதிகமாக வாங்குகிறார்கள்.

ரொம்ப நாள் இதற்குச் சரியான சாட்சி கிடைக்கவில்லை. ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் என்ற இருவர் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையில் தள்ளுபடி கொடுத்துப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். தள்ளுபடி கிடைத்ததும் அந்தக் குடும்பங்கள் அரிசியைக் குறைத்து, மிச்சத்தில் வேறு உணவு வாங்கின. விலை இறங்கியதும் குறைவாக வாங்கியது, அதே கிஃபன் கணக்கின் மறுபக்கம்.

கடைச் சாப்பாட்டில் இதை எதிர்பார்த்து விலையை ஏற்றாதீர்கள். கிஃபன் நிலை வர வேண்டுமானால் அதைவிட மலிவாக வயிற்றை நிரப்ப வேறெதுவும் இருக்கக் கூடாது. உங்கள் பலாத்தாவுக்குக் கீழே அவித்த பட்டாணியும் சோறும் இருக்கின்றன. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தி, எண்ணெய் விலை எகிறியபோது பலாத்தா விலையை ஏற்றினோமே, கூடவா விற்றது? தோசைக்கல்லில் எண்ணெய் குறைவாகத் தேய்த்துச் சமாளித்த கடைகள்தான் தாக்குப்பிடித்தன.

"எங்க தெருவுல பையங்க மலேசியா, தாய்லாந்துக்குப் போயிட்டாங்க. பணம் வருது. அப்ப சாப்பாட்டு வியாபாரம் ஏறணுமே?"

வெளிநாட்டுப் பணம் வருமானம்தான், சந்தேகமில்லை. டாலர் ஏறும்போது அதன் சாட் மதிப்பும் ஏறுகிறது. ஆனால் சாப்பிட வேண்டியவர் இங்கே இல்லை. காலையில் இரண்டு பலாத்தா, ராத்திரியில் நண்பர்களோடு சமூசா அத்தோ (சமூசாவை நறுக்கிக் கலந்து தருவது) என்று கடையில் சாப்பிட்டது அந்த வயதுப் பையன்கள்தான். வீட்டில் இருப்பது அம்மாவும் தாத்தாவும். அவர்கள் அந்தப் பணத்தைக் கடனுக்கும் மருந்துக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தங்கமாக மாற்றி வைக்கிறார்கள். 1987-ல் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனதைப் பார்த்த தலைமுறை அது. இந்தத் தெருக்களில் வருமானம் ஏறி, கடைச் சாப்பாடு இறங்கியிருப்பதை என் நோட்டில் பார்க்கிறேன். மோகிங்கா தாழ்வகைப் பண்டம் ஆகிவிட்டது என்று இதை வைத்து எழுதினால் தப்பு. நாற்காலிகள் காலியாகியிருக்கின்றன, அவ்வளவுதான்.

"மெட்ராஸ்ல அத்தோ நல்லா விக்குதாமே, அங்க மட்டும் எப்படி?"

1960-களில் இங்கிருந்து திரும்பிப்போன நம் சனங்கள் பிழைப்புக்காக அங்கே தள்ளுவண்டியில் போட்டது அத்தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித் தண்ணீர், கூடவே வாழைத்தண்டு சூப். வந்த புதிதில் அகதிகளின் சாப்பாடு; இப்போது கல்லூரிப் பிள்ளைகள் சாயங்காலம் தேடிப்போய் ருசிக்காகச் சாப்பிடுகிறார்கள். அங்கே அது சில்லறைச் சந்தோஷம், வயிற்றுப் பசிக்கான வேளைச் சாப்பாடு வேறு இருக்கிறது. ஆகவே அங்கே வருமானம் கூடக் கூட அத்தோ விற்பனை கூட வாய்ப்பு உண்டு. இங்கே நம்முடைய தோசை காலைப் பசிக்கான சாப்பாடு. ஒரே பண்டம் ஊர் மாறினால் படியும் மாறும்.

"என் பேரன் பர்கர் வண்டி போடணும்னு நிக்கிறான். நான் இட்லி தோசையே போதும்ங்கிறேன். நீங்க சொல்லுங்க தம்பி."

ஐயா, பர்கரா தோசையா என்பதை விட்டுவிட்டு, யார் வாங்கப்போகிறார்கள் என்று பேரனைக் கேளுங்கள். கல்லூரிப் பக்கம், அப்பா அம்மா காசில் செலவழிக்கும் பிள்ளைகள் இருக்கும் இடம் என்றால் பர்கர் ஓடும். ஆனால் கேஎஃப்சி பற்றிச் சொன்னதுபோல, வீட்டில் இறுக்கம் வந்த வாரமே அது நின்றுவிடும். அவன் கையில் மூன்று மாத வாடகை மிச்சம் இருக்க வேண்டும். கோழியும் ரொட்டியும் இரவுக்குள் விற்காவிட்டால், மின்சாரம் போன குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் விற்கவே கூடாது.

தோசை மாவுக்கும் அதே புளிப்பு ஆபத்து உண்டு. ஆனால் தோசையில் இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்கிறது. மேல்படியில் இருந்து இறங்குகிறவர் முட்டை தோசை கேட்பார், கீழ்ப்படிக்காரர் வெறும் தோசை கேட்பார், ஒரே மாவு. பர்கரில் கறியை எடுத்துவிட்டு விற்க முடியாது. நான் என்றால் தோசைக்கல்லை வைத்துக்கொண்டு, ஓரத்தில் நாலு பர்கர் போட்டுப் பார்ப்பேன்.

எதுவானாலும் முதலில் ஒரு வாரம், வண்டி போட நினைக்கும் பேருந்து நிறுத்தத்தில் காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை அவனை நிற்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கடைகளில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் விலை கேட்டுவிட்டுப் போகிறார்கள், எத்தனை பேர் கையில் வீட்டுத் தூக்கு இருக்கிறது என்று எண்ணி எழுதட்டும். மாத முதல் வாரம் ஒரு தடவை, கடைசி வாரம் ஒரு தடவை. அந்த இரண்டு தாளையும் என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.